ஓதம் ஏறும்வரை

பனிக்குடம் உடைந்தபோது
கடல் வற்றிக் கிடந்தது.
எராஸ்மோவின் படகு
சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது,
என்னைப் போலவே, இடப்பக்கமாக.

மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார்,
காலணி நுனியால் ஈரத்தைக் கிளறியபடி.
அதற்கு முன் தண்ணீர் வராது.
என் தண்ணீர் வந்துவிட்டது என்றேன்.
தொப்பியைக் கழற்றினார்,
எதற்கென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஹெலிகாப்டர் கேட்டுப் பார்த்தாள் க்ளோரிண்டா.
மூடுபனி; சிலோயேயில் இன்று
கடற்பறவைகூட நடந்துதான் போகிறதாம்.
சுகாதார நிலையத்தின் பெட்டியைக் கவிழ்த்துக்
கையுறைகளை எண்ணினாள். இரண்டு ஜோடி.
"பிள்ளைக்கு ஒரு ஜோடி, கணக்குச் சரி."
சிரித்தாள். இருபத்தாறு வயது அவளுக்கு.
இதற்கு முன் பார்த்த பிரசவம் எல்லாமே
வேறு யாரோ பார்க்க, பின்னால் நின்று பார்த்தவை.

வலியை எதனோடும் ஒப்பிட எனக்கு வரவில்லை.
அது வலியைப் போலவே இருந்தது.
இரண்டு வலிக்கு நடுவே பசித்தது.
உருளைக்கிழங்கு அடையில் ஒரு துண்டு
க்ளோரிண்டா திரும்பிய நேரம் பார்த்து
வாயில் போட்டுக்கொண்டேன்.

சேற்றுத் துளைகளில் முதலில் குமிழ்.
பிறகு ஒரு விரற்கடை நீர்.
பிறகு படகு, முனகிக்கொண்டே,
முதுகை நிமிர்த்தியது.

லதிஸ்லாவ் சால்மன் கூண்டுகளில் வேலையில் இருந்தான்,
பத்து நாளில் ஏழாவது நாள்.
வயர்லெஸ்ஸில்தான் அவன் குரல்:
"நோல்ஃபா, மூச்சு விடு. நோல்ஃபா, விடு."
எல்லாப் படகுக்கும் கேட்கும் அலைவரிசை அது.
மீன் விலையும் வசவும் ஓயாத இடம்.
அன்று எவரும் வாய் திறக்கவில்லை.
கால்வாய் முழுக்க ஆண்கள்
என் மூச்சுக்காகத் தங்கள் மூச்சை
அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு மிதவை தாண்டிய கொஞ்ச நேரத்தில்
அவள் வந்தாள், டீசல் வாசத்துக்குள்,
எராஸ்மோவின் கம்பளிச் சட்டைமேல்.
அழுதாள். வயர்லெஸ் பொத்தானை
யாரோ அழுத்தியபடியே இருந்திருக்க வேண்டும்.
வெகுநேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு அறியாத ஒரு கிழட்டுக் குரல்:
"கேட்டது."

கையில் வாங்கியதும் சொன்னேன்:
இரண்டு கிலோ முந்நூறு.
எட்டு வருடம் ஆலையில் மீன் நிறுத்த கை இது.
(ஆஸ்பத்திரித் தராசு பத்து கிராம் கூடச் சொன்னது.
தராசைச் சந்தேகப்படுகிறேன்.)

ஆனால் மற்றவள் குறுக்கே கிடந்தாள்.
பாதி காலியான வயிற்றில்
இடம் கிடைத்தவுடன் கால் நீட்டிவிட்டவள்.
க்ளோரிண்டா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.
எஞ்சின் அடித்தொண்டையில் கத்தியது.
காஸ்ட்ரோ துறையில் ஆம்புலன்ஸ்,
மழை, யாருடைய கைகளோ,
முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள்
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லின.
ஏழு என்றேன்.
ஏழுக்குப் பிறகு
எதுவும் இல்லை.

ஐம்பத்திரண்டு நிமிட வித்தியாசம்.
தையல் இழுக்க இழுக்க அவளையும் நிறுத்தேன்:
ஒன்று எழுநூறு என்றேன்.
ஒன்று தொள்ளாயிரத்து இருபதாம்.
பயந்த கை குறைத்துத்தான் சொல்லும் போல.

பதிவாளர் பெண் பேனாவை உதறினாள்.
"கடல் என்று ஊர் இல்லையே அம்மா."
இருவருக்கும் காஸ்ட்ரோ என்றே எழுதினாள்.
எராஸ்மோ டீசல் ரசீதின் பின்புறம்
மிதவை எண்ணையும் மணியையும்
பெரிய எழுத்தில் கிறுக்கித் தந்திருக்கிறார்;
தேதியில் ஒரு நாள் பிசகு.
சான்றிதழோடு மடித்து வைத்திருக்கிறேன்.

ரொசெண்டா ஆட்டினால்தான் தூங்குகிறாள்.
ஒதிலியா ஆட்டினால் விழித்துக்கொள்கிறாள்.
விடுப்பில் வந்த லதிஸ்லாவ்
வாய் பிளந்து உறங்குகிறான், எதற்கும் அசையாமல்.
நான் கட்டில் விளிம்பில்,
வலது காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு
இடது காலைக்
கல்லாக வைத்திருக்கிறேன்.